தண்ணி காட்டுதல்

முதல் நாள் பத்தரை மணிக்குப்
பால் பாக்கெட்டும் கையுமாய் அடுப்படியில் நின்றேன்.
மூன்று பேர்.
கலியமூர்த்தி மேஸ்திரி,
டைல்ஸ் வெட்டும் அவர் அக்கா மகன்,
கலவை சுமக்கும் தையல்நாயகி.
கொடுப்பதா, வேண்டாமா.

டீக்காசெல்லாம் கூலியிலேயே பேசியாச்சு என்று
பைக்கை உதைத்தபடி சொல்லிப் போனார் இவர்.
எதிர்வீட்டு சுகுணா டீச்சர்
கொடியில் துணியை உதறிக்கொண்டே,
"ஒருநாள் குடுத்துப் பழக்கிட்டீங்கன்னா
அப்புறம் தெனம் பதினோரு மணிக்கு வேலை நிக்கும்,
நம்ம கையப் பாத்துக்கிட்டு."
கூட்டுறவு வங்கியில் எனக்குப் பதினெட்டு வருஷம்.
பயிர்க்கடனுக்கு வருகிறவர்கள்
வாங்கி வைக்கிற டீயை
ஒருநாளும் நான் யோசித்துக் குடித்ததில்லை.

பால் பொங்கிவிட்டது.
அடுத்த கேள்வி, எதில் என்பது.
மாமியார் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர்கள்
அலமாரியில் கவிழ்ந்திருந்தன.
பந்தலடியில் முந்தின நாளே
காகிதக் கப் ஐம்பது வாங்கி வைத்திருந்தேன்.
சுத்தம், அவசரம், கழுவுகிற வேலை மிச்சம்.
மூன்று காரணம் சொல்லிக்கொண்டேன்.
உண்மையாயிருந்தால் ஒன்று போதும்.

மேஸ்திரி குடித்தார்.
பையன் இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்டான்.
தையல்நாயகி, "வாணாங்கம்மா."

கப்பைப் பார்த்துத்தான் சொன்னாளோ.
மறுநாள் எல்லோருக்கும் டம்ளர்,
பெயர் வெட்டிய பக்கம் அவளைப் பார்க்க.
"வாணாங்கம்மா."
மூன்றாம் நாள் மோர், கறிவேப்பிலை கசக்கிப் போட்டு.
அதற்கும் அதே.
சித்திரைக் கடைசி வெயில்.
மேட்டூர் திறக்கவே இன்னும் ஒரு மாசம்,
பாமணியாற்று மணலில் பையன்கள்
ஸ்டம்பு நட்டு ஆடுகிறார்கள்.
சும்மாட்டிலிருந்து வடிந்த சிமெண்டுத் தண்ணீர்
அவள் கழுத்தில் காய்ந்து வெள்ளைக் கோடாய் நின்றது.
உதடு வெடித்திருந்தது.
எனக்குக் கோபம் வந்தது, அதையும் சொல்ல வேண்டும்.
கொடுக்கிறவளுக்கு
வாங்காதவள்மேல் வருகிற கோபம்.

நாலாம் நாள்
மேஸ்திரி மணல் பார்க்கப் போயிருந்தார்,
பையன் மெஷினுக்குப் பிளேடு வாங்க.
என் கையால குடிக்கக் கூடாதா தையலு என்று
கேட்டே விட்டேன்.
சிரித்தாள்.
சாந்துச் சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள்.
"குடிச்சா போவணும்லம்மா.
அவுங்க ஆத்தோரமா ஒதுங்கிக்கிடுவாங்க.
நான் காலைல வூட்ல போனது.
இனிமே நீடாமங்கலம் பஸ்ஸ வுட்டு எறங்கித்தான்."

அவளுக்குப் பின்னால்
உடைத்துப் போட்ட பழைய கக்கூஸ் பீங்கான்
இரண்டு துண்டாய்க் கிடந்தது.
உள்ளே, எங்கள் படுக்கையறையை ஒட்டி
இன்னொன்று இருக்கிறது,
நாலு நாளாய் நாங்கள் புழங்குவது.

வாயைத் திறந்தேன்.
கட்டில் ஞாபகம் வந்தது.
சலவைக்குப் போட்டு வந்த விரிப்பு வந்தது.
அவள் பாதத்தின் சாந்து வந்தது.
சுகுணா டீச்சர் வந்தார்.
அதற்குள் பையன் வண்டியை நிறுத்திவிட்டான்.
சும்மாட்டைச் சுற்றிக்கொண்டு
அவள் எழுந்துவிட்டாள்.

ராத்திரி முழுக்க அந்த ஒற்றை வாக்கியத்தைச்
சரி செய்துகொண்டு கிடந்தேன்.
காலையில் வந்தது வேறொருத்தி.
"தையலுக்கு நீர்க்கடுப்பு,
பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கு.
சித்தாளுங்களுக்கு வர்றதுதாங்கம்மா" என்றார் மேஸ்திரி
மட்டப்பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

புதியவளுக்கு முதலில் அந்தக் கதவைக் காட்டினேன்.
விளக்கு சுவிட்ச் வெளிப்பக்கம் என்றேன்.
அவள் நம்பாமல் பார்த்தாள்.
பதினொரு மணி டீயைக் குடித்தாள்,
மூன்று மணி டீயையும்.
பெயர் கேட்க விட்டுப்போயிற்று.

வேலை முடிந்து பணம் வாங்கும்போது மேஸ்திரி,
"மூணு நாளைக்குப் பூச்சுக்குத் தண்ணி காட்டுங்கம்மா.
வுட்டுட்டா வெடிச்சுப்பூடும்."
காலையும் மாலையும் குடத்தோடு நிற்கிறேன்.
ஊற்ற ஊற்ற
உஸ்ஸென்று
இழுத்துக்கொள்கிறது சுவர்.